ஏழாம் சேனல்

“கொக்கி காலி.”

“சரி மேடம்.”

“அப்போ ஒரு விஷயம் கேக்கலாமா?”

“கேளுங்க.”

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“வாக்கியில வேலைப் பேச்சு மட்டும்தான் பேசணும்னு போன வாரம் கம்பி கட்டுறவங்களை நீங்கதானே மேடம் திட்டினீங்க?”

“அதனாலதான் உன்னை ஏழாம் சேனலுக்கு வரச் சொன்னேன். இங்க நம்மளத் தவிர யாரும் இல்ல. எனக்கு ஒரு மகன் இருக்கான். ரொட்டிக் கடையில வேலை பாக்குறான். நல்ல பையன். என்ன, கொஞ்சம் அதிகமாப் பேசுவான்.”

“உங்களை விடவா?”

கிரேனுக்குக் கீழே நின்ற அந்த அம்மா சிரித்த சிரிப்பில், மேலே கேபினில் இருந்த வாக்கி-டாக்கி கொரகொரவென்று இரைந்தது. அந்த நொடியிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று பிற்பாடு அவர் எல்லோரிடமும் சொல்லுவார். முகத்தையே பார்க்காமல் மருமகளைத் தேர்ந்தெடுத்த மாமியார் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்பதில் அவருக்குத் தலை கொள்ளாத பெருமை. “குரலைக் கேட்டேன், அது போதும். அவசரப்பட மாட்டா, பதற மாட்டா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா, கடைசியில நம்மளையே ஒரு குத்துக் குத்திட்டுத்தான் விடுவா. எங்க வீட்டுக்கு ஏத்தவ.”

பதற மாட்டா.

இப்போது கட்டட வேலை நடக்கும் இடத்துச் சாமான் அறையில் கையுறைகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்த அந்த மருமகளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய மஞ்சள் கிரேன் வானத்தில் நீண்ட கையை நீட்டி நின்றது. கேபினில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

பெரிய மருத்துவமனை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கிரேனை ஓட்டுபவள் அவள். தரையில் நின்று சிக்னல் சொல்பவர் அவளுடைய மாமியார். அந்த வளாகத்தில் அவளுக்கு ‘மேல்வீட்டுக்காரி’ என்று பெயர்; அத்தைக்குக் ‘கீழ்வீட்டம்மா’. கேபினிலிருந்து பார்த்தால் பாதி இடம் தெரியாது. சுவருக்குப் பின்னால், மாடிக்கு அந்தப் பக்கம், பள்ளத்துக்குள்ளே என்று கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் பெரும்பாலும் சரக்கை வைக்க வேண்டியிருக்கும். அப்போது காதில் விழும் குரல்தான் அவளுக்குக் கண். “இறக்கு... இறக்கு... இறக்கு...” என்று குரல் வந்துகொண்டே இருக்கும்வரை கை நகரும். குரல் நின்றால் கையும் அங்கேயே நிற்கும். அதுதான் சட்டம். மாமியார் சொன்னால் மருமகள் அசைவதையும், மாமியார் வாயை மூடினால் மருமகள் அப்படியே நிற்பதையும் உலகத்தில் இந்த ஒரு இடத்தில்தான் பார்க்க முடியும் என்று வேலையாட்கள் கேலி செய்வார்கள். அத்தை விட மாட்டார். வீட்டில் அவள்தான் சிக்னல், நான்தான் கிரேன் என்பார்.

வேலைக்கு ஒன்றாம் சேனல். கொக்கி காலியானதும், யாரும் சொல்லாமலே, இரண்டு பேர் கையும் குமிழை ஏழுக்குத் திருப்பும். அது குடும்பச் சேனல். அவள் கணவனுக்குச் சட்டை வாங்க வேண்டியது முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் யார் பாட்டைக் கெடுத்தார்கள் என்பது வரை அத்தனையும் அங்கேதான் பேசித் தீரும். அவளும் பல தடவை கூப்பிட்டிருக்கிறாள், ஒரு நாள் மேலே வந்து பாருங்கள் அத்தை, ஊரே காலடியில் தெரியும் என்று. அத்தைக்கு ஒரு நாள் முட்டி வலிக்கும், ஒரு நாள் ரத்த அழுத்தம் ஏறும், ஒரு நாள் புதுச் செருப்பு கடிக்கும். அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள்.

இதெல்லாம் அந்தக் காற்று வருவதற்கு முன்பு.

அன்று கடைசிச் சரக்கை மொட்டைமாடியில் வைத்து, கொக்கி காலியான கையோடு வானம் கறுத்தது. காற்று அளவு மீறினால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். கிரேனைத் திருப்பும் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். அந்த நீண்ட கையை வீம்புக்குப் பிடித்து வைத்தால் காற்று முறித்துப் போட்டுவிடும். விட்டுவிட்டால் காற்று போகும் பக்கம் அதுவே திரும்பிக்கொண்டு பத்திரமாக நிற்கும். அவள் விட்டாள். ஆனால் ஏணியில் இறங்க முடியவில்லை. கதவைத் திறந்தால் ஆளையே தூக்கிக்கொண்டு போகிற காற்று. கேபினைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கேபின் தன்பாட்டுக்குச் சுழன்றது. மழை கண்ணாடியை அறைந்தது. கீழே தரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

அவள் பொத்தானை அழுத்தி, “அத்தை?” என்றாள்.

பதில் இல்லை.

“அத்தை, இருக்கீங்களா?”

ஒன்றாம் சேனலில் வெறும் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

சின்ன வயதிலிருந்து ஜெபம் செய்கிறவள்தான். கண்ணை மூடி, ஆண்டவரே ஒரு வார்த்தை சொல்லும், நீர் இருக்கிறீர் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டாள். காற்று ஊளையிட்டதே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. காது கொடுத்துப் பழகிய இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளைக் கைவிட்டுவிட்டதாகத் தோன்றியது.

காற்று ஓய்ந்ததும் முறைப்படி இறங்கி வந்தாள். எல்லோரும் கைகுலுக்கினார்கள். கிரேனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, இதுதான் வேலை என்று இன்ஜினியர் பாராட்டினார். சொட்டச் சொட்ட நனைந்திருந்த அத்தை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மழையில் சளி பிடித்துக்கொண்டது என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள். அடுத்த கால் எழும்பவில்லை.

தலைசுற்றல் என்று இன்ஜினியரிடம் சொன்னாள். கணவனிடம் மட்டும்தான் பாதி உண்மையைச் சொன்னாள். “உயரம் இல்லீங்க. மேல போனா அந்த அமைதி வந்துடுமோன்னு இருக்கு.”

அவன் மாவு படிந்த கையால் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். “அமைதிக்குப் பயந்தா கவலையே இல்ல. எங்க அம்மா இருக்கற வீட்டுக்குள்ள அது எப்படி வரும்?”

சிரித்தாள். ஆனால் இந்த முறை அவன் சொன்னது பொய்யாகிப் போனது. அத்தையும் பேச்சைக் குறைத்துவிட்டிருந்தார். தொண்டை சரியான பிறகும் அப்படித்தான். ரொட்டியை வெட்டிக்கொண்டே, “அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணு கேட்டேனே...” என்று ஆரம்பிப்பார். என்ன அத்தை என்று இவள் நிமிர்ந்தால், ஒரு கணம் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ரொட்டி கருகிப் போயிருக்கிறது என்று மகன் பக்கம் திரும்பிவிடுவார். ரொட்டி கருகியிருக்காது. மகன் ரோஷத்தோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஜெபிப்பார்கள். ஆளுக்கு இரண்டு வார்த்தை. அவள் முறை வரும்போது அவள் ஆமென் என்று மட்டும் சொல்வாள். அந்த வீட்டில் யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. கணவன் மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. அத்தை ஊருக்குள் வாயை மூடவே இல்லை. காய் வாங்கும் இடத்தில், பேருந்து நிறுத்தத்தில், பல் வைத்தியரின் வரவேற்பறையில், முன்பின் தெரியாதவர்களைத் தோளில் தட்டி, “அந்த மஞ்சள் கிரேன் தெரியுதா? அதை ஓட்டுறது என் மருமக” என்பார். ஓட்டினது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் பக்கத்தில் நின்று கூனிக் குறுகுவாள். இப்போது அதில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். அத்தை அண்ணாந்து பார்த்தார். “அவர் பாவம், உன் நாற்காலி சூடு ஆறாம பாத்துக்கறார்” என்றார்.

இன்று காலை இன்ஜினியர் கூப்பிட்டனுப்பியிருந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். மருத்துவமனையின் நடுவே நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த திறந்தவெளி முற்றம் ஒன்று இருந்தது. அதை ஒட்டிய அறைக்குள் பெரிய ஸ்கேன் மெஷினைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வாசல் வழியாக நுழையாது. கிரேனில் தூக்கி, கட்டடத்துக்கு மேலாகக் கொண்டுபோய், முற்றத்துக்குள் இறக்கினால்தான் உண்டு. கேபினிலிருந்து முற்றத்தின் தரை கொஞ்சமும் தெரியாது. முழுக்க முழுக்கக் குரலை நம்பி இறக்க வேண்டிய சரக்கு. அவளுக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்தவர் இன்றோடு தன் சொந்த வேலைக்குத் திரும்ப வேண்டும். நாளை நீ ஏறினால் கிரேன் உன்னுடையது, இல்லையென்றால் நிரந்தரமாக வேறு ஆளைப் போட்டுவிடுவேன், தப்பாக நினைக்காதே என்றார். நினைக்கவில்லை. அவர் இடத்தில் அவள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

இன்னொருவர் மெஷினை இறக்குவார். நன்றாகவே இறக்குவார். அவள் கையுறை அடுக்குவாள். அத்தை மட்டும் ஊரெல்லாம் அந்தக் கிரேனைக் காட்டிக்கொண்டே இருப்பார். அதை நினைத்தபோதுதான் கையிலிருந்த கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கண்ணு சிவந்திருக்கே. தூசியா?”

எக்ஸ்பிரஸ் அண்ணன் வாசலில் நின்றார். சரக்கைக் கொக்கியில் மாட்டும் வேலை அவருக்கு. நத்தையே அவரைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடும் என்பதால் அந்தப் பட்டப்பெயர். நாளைக்கு வேண்டிய இரும்புக் கயிறுகளைப் பார்த்து எடுத்துப் போக வந்திருந்தார். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, ஊர்க்கதை பேசுவது போலக் கேட்டார். “உங்க அத்தை தொண்டை இப்போ தேவலையா? அன்னைக்குப் பேசிப் பேசியே போயிடுச்சு.”

“அது மழையில நனைஞ்சு சளி பிடிச்சதுண்ணே.”

“சளியா? காத்து ஆரம்பிச்சு ஓயற வரைக்கும் விடாமப் பேசினாங்கம்மா. எல்லாரும் ஷெட்டுக்குள்ள ஓடியாச்சு. உங்க அத்தை மட்டும் வரமாட்டேன்னுட்டாங்க. ஷெட்டுக்குள்ள வந்தா கேபின் தெரியாதாம். நான்தான் தார்ப்பாயைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் கையும் ரெண்டு நாள் தூக்க முடியல, அதை யாரும் கேக்கல.”

அவள் கையிலிருந்த கையுறை கீழே விழுந்தது. “யார்கிட்ட பேசினாங்க?”

“இது என்ன கேள்வி? உங்ககிட்டதான்.”

“எனக்கு ஒண்ணுமே கேக்கலையேண்ணே. நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்.”

எக்ஸ்பிரஸ் அண்ணன் முதல் முறையாகக் கயிற்றிலிருந்து கண்ணை எடுத்தார். “கொக்கி காலியானதும் ஏழுக்குத் திருப்பினாங்களே. எப்பவும் அப்படித்தானே? ஜெபம் மாதிரி என்னவோ ஆரம்பிச்சாங்க. அப்புறம் உங்க பேச்சு, வீட்டுப் பேச்சு. நான் ஏன் கேக்கணும்னு அந்தப் பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டேன். என் வாக்கி, இன்ஜினியர் வாக்கி எல்லாத்தையும் நனையக் கூடாதுன்னு அப்பவே பெட்டியில வெச்சுட்டேன்.”

ஏழு.

வேலை முடிந்தால் ஏழு. அத்தையின் கை பழக்கத்தில் குமிழைத் திருப்பியிருக்கிறது. ஆபத்து நேரத்தில் வேலைச் சேனலை விட்டு நகராதே என்று படித்த பாடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் ஒன்றிலேயே இருந்திருக்கிறாள். அவளுக்குக் கேட்காத குரல் ஆறு குமிழ்க் குறி தள்ளி, மழையில் நின்றபடி, தொண்டை கிழியும்வரை பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தை பதில் வரவில்லையே என்று நினைத்திருப்பார். அவள் குரல் வரவில்லையே என்று நினைத்தாள். இத்தனை நாளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டு!

எக்ஸ்பிரஸ் அண்ணன் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வேகத்தில் போய்ச் சேர்ந்தார். அவள் கையுறை மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இல்லவே இல்லை என்று அவள் சத்தியம் பண்ணத் தயாராக இருந்த ஒரு குரல் இருந்திருக்கிறது. அப்படியானால் அந்த இன்னொரு குரல்?

அந்த நேரத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள். இந்த முறை ஓடி ஒளியாமல் பார்த்தாள். கேபின் சுழன்றது, உண்மை. ஆனால் ஒரு ஆணிகூடக் கழலவில்லை. பிடியை விட்ட கிரேன் காற்றோடு காற்றாகத் திரும்பி, நிற்க வேண்டிய விதத்தில் நின்றது. அவள் கேட்ட வார்த்தை வரவில்லை. அந்த அமைதியில் எதுவும் விழவுமில்லை. குரல் நின்றால் சரக்கு விழாது, நிற்கும். தாங்கியிருக்கிற பிடி அப்படியே இருக்கும். தினமும் கையில் வைத்திருந்த சட்டம்தானே இது! தன் விஷயத்தில் மட்டும் எப்படி மறந்துபோனாள்?

ஜெபத்தில் எப்போதும் ஆலயத்தில் பேசுவது போல ‘நீர், உமது’ என்றுதான் பேசுவாள். இன்று அது வரவில்லை.

“ஆண்டவரே” என்று கையுறைகளுக்கு நடுவில் மெதுவாகச் சொன்னாள். “நீங்க போகவே இல்லை போல. நான்தான் ஒரே சேனலைப் பிடிச்சுக்கிட்டு, அதுலதான் நீங்க பேசணும்னு உக்காந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க. எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. நாளைக்கு ஏறுறேன். நீங்க பேசினாலும் சரி, பேசலைன்னாலும் சரி, இருக்கீங்கன்னு நம்பி ஏறுறேன்.”

அன்று மாலை வீட்டில் அவள் ஏழாம் சேனல் பற்றி வாய் திறக்கவில்லை. அதைப் பேச வேண்டிய இடம் சாப்பாட்டு மேசை இல்லை என்று தோன்றியது. ஜெபத்தில் அவள் முறை வந்தது. கணவன் வழக்கம்போல ஆமெனுக்குத் தயாராகக் கண்ணைப் பாதி திறந்தான்.

“ஆண்டவரே, நாளைக்கு முற்றத்துல ஸ்கேன் மெஷினை இறக்கப் போறேன். என் கையைப் பாத்துக்கோங்க. சிக்னல் சொல்றவங்க தொண்டையையும் பாத்துக்கோங்க.”

கணவனுக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதில் புருவத்தில் மாவு ஒட்டிக்கொண்டது. அத்தை எழுந்து, கழுவி வைத்த தட்டையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். “சிக்னல் சொல்றவ தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. சிங்கம் மாதிரி இருக்கா” என்றார் சுவரைப் பார்த்து.

காலையில் காற்று தூங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணிக்கு முன்னால் நின்றாள். இன்ஜினியர் தூரத்தில் வேறெதையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கால். அடுத்த கால். எழும்பியது.

பயம் போய்விடவில்லை. அதுவும் பின்னாலேயே ஏறி வந்தது. முதல் மேடையில் நின்று மூச்சு வாங்கினாள், பயமும் நின்றது. இரண்டாம் மேடையில் கம்பியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நெற்றியை அதில் வைத்திருந்தாள். ஆண்டவர் முன்னால் ஏறுகிறார், பயம் பின்னால் வருகிறது, நடுவில் நான், மூன்று பேருக்கும் ஏணி தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது லேசாகச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு கால்கள் பழைய பழக்கத்தில் தாமாக ஏறின.

கேபின் கதவைத் திறந்தாள். நாற்காலியின் கிழிசல், கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்த சின்னச் சிலுவை, தற்காலிகமாக வந்தவர் விட்டுப் போன மிட்டாய்த் தாள். உட்கார்ந்தாள். அளவெடுத்துச் செய்தது போல நாற்காலி அவளை ஏற்றுக்கொண்டது. குமிழை ஒன்றில் வைத்தாள்.

“மேல்வீட்டுக்காரி ரெடி” என்றாள்.

ஒரு கணம் இரைச்சல். பிறகு, “கீழ்வீட்டம்மா ரெடி. ஏத்து.”

மரப்பெட்டிக்குள் கட்டியிருந்த மெஷின் தரையை விட்டு எழுந்தது. கட்டடத்தின் தலைக்கு மேல் அது மிதந்து போவதை அவள் பார்த்தாள். பிறகு சுவர்களுக்கு நடுவே இறங்கத் தொடங்கியதும் அது மறைந்தது. இனி இரும்புக் கயிறும் குரலும்தான்.

“இறக்கு... இறக்கு... இறக்கு... மெதுவா இறக்கு... இறக்கு... நிறுத்து.”

நிறுத்தினாள்.

குரல் வரவில்லை.

முற்றத்துக்குள் மெஷின் எந்த உயரத்தில் தொங்குகிறது, சுவரை உரசுகிறதா, கீழே என்ன நடக்கிறது, ஒன்றும் தெரியாது. கயிறு அசையாமல் நின்றது. காதுக்குள் அந்த நாளின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. இருக்கீங்களா என்று கேட்கச் சொல்லி விரல் பொத்தானுக்கு அருகே போனது.

அழுத்தவில்லை. கையைப் பிடியில் வைத்தபடி, பொத்தானை அழுத்தாமலே, கண்ணாடியில் ஒட்டியிருந்த சிலுவையைப் பார்த்து, “இருக்கீங்க” என்றாள்.

அந்த அமைதி அன்றையதைப் போலவேதான் இருந்தது. ஆனால் அவள் அதற்குள் தனியாக இல்லை. கொக்கியில் ஒரு மருத்துவமனையின் நம்பிக்கை தொங்குகிறது, கீழே விழாமல் தொங்குகிறது, அவளும் அப்படித்தான். நிற்கச் சொன்னால் நிற்கலாம். நிற்பதும் வேலைதான். மூச்சு மெல்லச் சீரானது. எவ்வளவு நேரமானாலும் இப்படியே உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியும் என்று தெரிந்தபோது, உடம்பெல்லாம் ஒரு மிடுக்கு பரவியது.

“எக்ஸ்பிரஸ் ஒரு கயிறைச் சரிபண்ணிட்டார்” என்றது குரல். “அவர் வேகம்தான் உனக்குத் தெரியுமே. இறக்கு... இறக்கு... இறக்கு... இன்னும் கொஞ்சம்... பூ மாதிரி... இறக்கு... நிறுத்து. தரை தொட்டாச்சு.”

கொஞ்ச நேரத்தில், “கொக்கி காலி.”

சுவர்களுக்குள்ளிருந்து கைதட்டல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எழும்பி வந்தது. எதிர்க் கட்டடத்து மாடியில் வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேர் கேபினை நோக்கிக் கையசைத்தார்கள். அவளும் அசைத்தாள். அப்போது, சட்டத்தை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு, ஒன்றாம் சேனலில் எல்லோருக்கும் கேட்க ஒரு குரல் முழங்கியது. “எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. மேல உக்காந்திருக்கறது என் மருமக.”

“தெரியும்மா” என்றது இன்ஜினியரின் குரல். “வேலைப் பேச்சு மட்டும்.”

அவள் கொக்கியை மேலே இழுத்து, கிரேனைத் திருப்பி நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே குமிழை ஏழுக்குத் திருப்பினாள். கீழே அந்தக் கையும் திருப்பியிருக்கும் என்று தெரியும்.

“அத்தை.”

“சொல்லு.”

“அன்னைக்குக் காத்துல நீங்க பேசினது எனக்குக் கேக்கவே இல்ல. நான் ஒண்ணாம் சேனல்லயே இருந்துட்டேன். நேத்துதான் எக்ஸ்பிரஸ் அண்ணன் சொல்லித் தெரியும்.”

நீண்ட நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. அவள் காத்திருந்தாள். இப்போது அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

“ஒரு வார்த்தைகூடவா?”

“ஒண்ணுகூட.”

“நான் பாடினது?”

“அதுவும்.”

“அது நல்லதாப் போச்சு.” அத்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “அப்போ நான் கேட்டதுக்கு நீ மாட்டேன்னு சொல்லல.”

“என்ன கேட்டீங்கன்னே தெரியாதே அத்தை. இப்போ கேளுங்க.”

அவள் கண்ணாடிக்கு அருகே குனிந்து கீழே பார்த்தாள். கிரேனின் அடியில், எறும்பு அளவில் ஒரு மஞ்சள் தொப்பி. அது முற்றத்துப் பக்கம் இல்லை, ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு கையில் வாக்கி. இன்னொரு கை முதல் படியின் கம்பியைப் பிடித்திருந்தது.

“முட்டி வலி எல்லாம் சும்மாடி” என்றார் அத்தை. “ரத்த அழுத்தமும் பொய். எனக்கு உயரம்னா பயம். வீட்டுல பல்பு மாத்த நாற்காலி மேலகூட ஏற மாட்டேன், உன் புருஷனைக் கேளு. வாழ்நாள் பூரா மேல பாத்துப் பேசியே பிழைச்சவ, இதை யார்கிட்ட சொல்றது? அன்னைக்கு நீ அங்க சுத்திட்டு இருந்தப்போ, என் பிள்ளை உக்கார்ற இடத்தை ஒரு தடவைகூட நான் பாத்ததில்லையேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. பத்திரமா இறங்கி வந்தா உன்கிட்ட கேக்கறேன்னு ஆண்டவர்கிட்ட சொன்னேன். அப்பவே உன்கிட்டயும் கேட்டேன். நீ பதில் சொல்லல. எனக்கு எதுக்கு இந்த வயசுல இந்த ஆசைன்னு நினைக்கறியோன்னு விட்டுட்டேன்.”

“பெல்ட் போட்டுட்டீங்களா அத்தை?”

“எக்ஸ்பிரஸ் மாட்டிவிட்டுட்டு இருக்கார். அதனால இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.” குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “ஆண்டவரும் நீயும் கூட இருந்தா ஏறிடுவேன்னு நினைக்கறேன். என்னை ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போறியா?”